மகிக்கு ஆன நாட்கள்

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது, கழுத்து காலையில் பிடித்தது பிடித்தபடியே இருக்கிறது, பியூலாவுக்கு இன்னும் பதில் போடவில்லை. பதில் எழுதும் கட்டம் திறந்தே கிடக்கிறது, அதற்குள் அந்தச் சின்னக் கோடு மின்னி மின்னி மறைகிறது, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அதற்கு அவ்வளவு அவசரம். 'பியூலா, ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதம்' என்று எழுதினேன், அழித்தேன். இந்த வாக்கியத்தை நான் இதுவரை எத்தனை அம்மாக்களுக்கு அனுப்பியிருப்பேன், எனக்கே தெரியாது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பியூலா கேட்டது அதை இல்லை. திண்டுக்கல்லிலிருந்து அவள் காலையில் அனுப்பியதை இதோடு ஏழாவது தடவையாகப் படிக்கிறேன். 'கோகிலாக்கா, ஆன்சி பின்னக் கணக்குல அஞ்சு வாரமா நிக்கிறா. ஆப்ல மகி பக்கத்துல ஆறே நாள்னு போட்டிருக்கு. நேத்து கோவத்துல ஸ்கேலால அடிச்சிட்டேன், முழங்கைகிட்ட வீங்கியிருக்கு. இது வீட்ல வச்சுப் படிக்கிற புள்ள இல்ல, பழையபடி ஹாஸ்டல்லயே போட்டுருவோம்னு அவங்க அப்பா முடிவு பண்ணிட்டாங்க. இன்னிக்கு நாலு மணிக்குக் கிளம்புறாங்க. மகிக்கு நீங்க எப்படிச் சொல்லிக் குடுத்தீங்கன்னு சொன்னீங்கன்னா, அதை வச்சு இன்னும் ஒரு மாசம் கேட்டுப் பாப்பேன்.' முழங்கையில் வீக்கம். எந்தக் கை என்று எழுதவில்லை. எழுதுகிற கையாக இருந்தால் இன்றைக்குப் பேனாவே பிடித்திருக்க மாட்டாள். நாலு மணிக்கு இன்னும் எழுபது நிமிஷம், நான் எந்தக் கை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், என் மூளை எப்போதும் இப்படித்தான், தீப்பிடித்த வீட்டில் மீட்டர் பெட்டி எங்கே என்று தேடும்.

எப்படிச் சொல்லிக் கொடுத்தேன். நல்ல கேள்வி. என் மகள் மகி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது தினமும் காலை ஏழேகாலுக்கு வயிற்றுவலி வரும், ஞாயிற்றுக்கிழமை வராது, அதை நாங்கள் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது. பள்ளியை விட்டு நிறுத்தினோம். சரவணம்பட்டியில் ஒன்பது வருஷம் பார்த்த மென்பொருள் வேலையை நானும் நிறுத்தினேன், நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று கணவர் பூபதியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் பம்ப் கம்பெனிக்காரர், எதையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். "ரெண்டு வருசம் பாப்போம் கோகி, புள்ள படிக்கிறாளான்னு எனக்குத் தெரியோணும், அவ்வளவுதான்" என்றார். முதல் வருஷம் நன்றாகத்தான் போனது, உண்மையாகவே நன்றாகப் போனது, அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. வடவள்ளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளும் நானும் உட்கார்ந்து கடுகையும் துவரம்பருப்பையும் பிரித்து வைத்துப் பெருக்கல் படித்தோம். எதை எந்த வாரம் படிப்பது என்று ஒரு சார்ட்டில் எழுதினேன், கிழிந்தது, நோட்டில் எழுதினேன், தொலைந்தது, சரி நமக்குத்தான் புரோகிராம் எழுதத் தெரியுமே என்று கணினியில் ஒரு சின்ன அட்டவணை செய்தேன். ஒரு நாளைக்கு நாலு கட்டம், முடித்தால் தொட வேண்டும், பச்சையாகும், முடிக்காதது தானாக மறுநாளுக்கு நகர்ந்துவிடும். அவ்வளவுதான், தினப்பாடம் என்று பெயர் வைத்தேன். சிநேகிதி ஒருத்தி எனக்கும் கொடு என்றாள். அவளுக்குத் தெரிந்த ஐந்து பேர் கேட்டார்கள். இன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். கும்பகோணத்தில் ஒருத்தி, குவைத்தில் ஒருத்தி, ஓசூரில் தெருவுக்கு ஒருத்தி. கோகிலாக்கா இது வேலை செய்யவில்லை, கோகிலாக்கா விடுமுறை நாளை எப்படி விடுவது, கோகிலாக்கா என் பையனுக்கு இரண்டு நாள் காய்ச்சல், மிச்சமெல்லாம் சேர்ந்து மலையாக நிற்கிறது, தள்ளிவைக்க ஒரு பொத்தான் போடுங்களேன். போட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டேன். மகிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேலையை விட்டேன், மற்றவர்கள் பாடம் சொல்லிக்கொடுக்க வசதியாக மகிக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, இந்த நேரத்தில் என்னத்தை அரைக்கிறார்கள்.

மகியின் பக்கத்தில் அந்தப் பச்சை எப்போது விழுந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு வருஷப் பாடத்தை மொத்தமாக முடித்த குழந்தைக்குத் திரை எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டியிருந்தது. கம்பெனியில் இருந்தவரை இதற்கெல்லாம் பொய்யாக ஓர் ஆளை உருவாக்குவோம், டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று பெயர் வைப்போம், வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம், வந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பால பாடம் அது. கைவசம் நிஜமாக ஒரு குழந்தையின் பக்கம் இருக்கும்போது பொய்க் குழந்தை எதற்கு என்று சோம்பல். மகியின் கட்டங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் பச்சையாக்கினேன். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று இருந்தேன், சத்தியமாக எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் யாரோ ஒரு மாதிரி காட்டுங்கள் அக்கா என்றார்கள், திரையில் மகியின் பக்கம் இருந்தது, அதையே காட்டிவிட்டேன். ஐயோ எவ்வளவு அழகா இருக்கு, மகி ஒரு வருசத்துல இவ்வளவா, இந்தத் திட்டத்த நாங்க எடுத்துக்கலாமா. எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான். பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் மகிக்கு எத்தனை நாள் ஆனது என்று தெரிந்தால் நல்லது என்றார்கள், அதுவும் போட்டேன், பாடத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், மகிக்கு ஆன நாட்கள் இத்தனை. பின்னங்கள், ஆறு நாள். இந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று பியூலா என்னைக் கேட்டால் நான் சொல்ல வேண்டியது, பின்னத்துக்கு ஒரு வரிசை ஒதுக்கியிருந்தேன், என் திரையில் ஒரு வரிசைக்கு ஆறு நாள்தான் பிடிக்கும். ஏழு பிடித்திருந்தால் ஏழு. திரையின் அகலத்துக்கு அந்தக் குழந்தை அடி வாங்கியிருக்கிறது.

தெரியாமல் செய்ததுபோல் பேசுகிறேனே, தெரியும். மறுநாளே தெரியும். எடுக்கலாம் என்று கை போனபோது பூபதி ஆபீசிலிருந்து கூப்பிட்டார், மதிய சாப்பாட்டு வேளையில் சும்மா கைப்பேசியில் மகி பக்கத்தைப் பார்த்தாராம், குரலே மாறியிருந்தது. "ஏ கோகி, நான் கூட என்னமோன்னு இருந்தேன். புள்ள பட்டையக் கெளப்பறா." பக்கத்து மேசைக்காரர்களிடம் வேறு காட்டியிருக்கிறார். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, சிரித்தேன், அவ்வளவுதான், சிரிப்பு போதுமானதாக இருந்தது. மெதுவாக நிஜமாகவே சொல்லிக்கொடுத்துப் பச்சையை எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். யாருக்கு நேரம் இருந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது ஒன்றும் கஷ்டமில்லை, நாலு பேர் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட ஆரம்பிக்கும்போதுதான் கஷ்டம். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் எத்தனை வீட்டில் மகியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அதட்டியிருப்பார்கள்? எத்தனை ஸ்கேல்? நினைக்காமலிருக்க ஒரு வழி வைத்திருந்தேன், புதிதாக ஏதாவது ஒரு பொத்தான் செய்ய உட்கார்ந்துவிடுவேன்.

மூன்றே கால். 'பியூலா, நான் பின்னத்துக்கு ரொட்டியையும் தோசையையும் வெட்டிக் காட்டினேன்' என்று எழுதலாம். கெட்டிக்காரத்தனமான பொய், கேட்பவளுக்கு உபயோகமும் உண்டு, ஒரு மாதம் கிடைக்கும், ஆன்சி ஹாஸ்டலுக்குப் போக மாட்டாள், எல்லாருக்கும் நல்லது. இந்த மாதம் முழுக்கப் பியூலா தோசையை வெட்டுவாள். வெட்டி வெட்டி, அப்போதும் அந்தப் பெண் விழித்தால்? மகிக்கு இதே தோசையில் ஆறு நாளில் வந்ததே. அடுத்த மாதம் அதே நாலு மணி, அதே வண்டி, மற்ற கையும் வீங்கியிருக்கும். அந்த ஹாஸ்டலில் ஆன்சி ஏற்கெனவே ஒரு வருஷம் இருந்தவள். வீட்டுக்கு வந்து நாலு மாதம் எந்தக் கதவையும் தாழ் போட விடவில்லையாம், குளிக்கும்போதுகூட அம்மா வாசலில் நிற்க வேண்டுமாம், பியூலா போனவருஷம் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள், அழுவதற்குப் பதிலாகச் சிரிக்கிறவள் அவள். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் பரவும். பூபதிக்குப் போகும். ஜூனில் மகியைப் பள்ளியில் போடு என்பார், அதற்கு மறுபேச்சுப் பேச எனக்கு வாயில்லை. மறுபடியும் ஏழேகால் மணி. ஆன்சியைக் காப்பாற்றினால் மகி, மகியைக் காப்பாற்றினால் ஆன்சி என்று தராசு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என்னவோ இரண்டு தட்டிலும் குழந்தைகள் மட்டும் இருப்பதுபோல. ஒரு தட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கோகிலாக்கா என்ற பெயர் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது, என்னைப் பார்த்திராத பெண்கள் என்னிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பது பிடித்திருக்கிறது, ஒன்பது வருஷக் கம்பெனியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அசதியாக இருக்கிறது. படுத்தால் தூங்கிவிடுவேன், எழுந்தால் ஐந்து மணி ஆகியிருக்கும், எல்லாம் அதன்போக்கில் முடிந்திருக்கும். கைப்பேசியை அமைதியில் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடினால் என்ன?

எழுந்து போய் மகியைப் பார்த்தேன். உள்ளறையில் தரையில் குப்புறப் படுத்து, துணி மாட்டும் கிளிப்புகளைக் கோத்து வேலி கட்டிக்கொண்டிருந்தாள். பத்து வயது. காலையிலிருந்து நான் அவளிடம் பேசியது சாப்பிட வா, தட்டை எடுத்து வை. அருகில் உட்கார்ந்து, சும்மா கேட்பதுபோல, "மகி, ஒரு தோசையில பாதி பெரிசா, மூணுல ஒரு பங்கு பெரிசா?" என்றேன். கிளிப்பைப் பிடித்திருந்த கை நின்றது. முகத்தைப் பார்த்தாள், என் முகத்தில் விடை எழுதியிருக்கிறதா என்று தேடினாள், எனக்கு அந்தப் பார்வை தெரியும், இரண்டாம் வகுப்பில் டீச்சரை அப்படிப் பார்ப்பாள் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். "மூணு... இல்லம்மா, பாதி. எது சொன்னேனோ அது இல்ல, இன்னொண்ணு" என்றாள். பிறகு அவசரமாக, "எனக்குத் தெரியும்மா, இப்ப வர மாட்டேங்குது" என்றாள். சரி விளையாடு என்று தலையைத் தொட்டுவிட்டு வந்தேன். தலைமுடி வியர்வையில் நனைந்திருந்தது, மின்விசிறியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை இந்தப் பெண்.

மூன்று முப்பத்தாறு. எழுதினால் எழுதி அழித்துக்கொண்டே இருப்பேன் என்று தெரிந்து பியூலாவைக் கூப்பிட்டேன், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அக்கா! கூப்பிட மாட்டீங்கன்னு நெனச்சேன். ஒரு நிமிசம், பேனா எடுத்துக்கறேன். சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"கிளம்பிட்டாங்களா?"

"பை கட்டியாச்சு. அவங்க கை கழுவிட்டிருக்காங்க. சொல்லுங்கக்கா சீக்கிரம்."

"பேனா வேண்டாம் பியூலா. மகி பின்னம் படிக்கல."

"என்னக்கா?"

"அந்த ஆறு நாள் பொய். நான் சொல்லியே குடுக்கல. அந்தப் பக்கம் சரியா ஓடுதான்னு பாக்க நானாப் போட்ட பச்சை அது. பின்னம் மட்டுமில்ல, அந்த வருசம் பூராவும் அப்படித்தான். எடுக்காம விட்டுட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

சொல்லி முடித்தேன். இவ்வளவுதானா, ஒரு வருஷமாகச் சுமந்தது அரை நிமிஷத்தில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் பாத்திரத்தை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. அவள் திட்டட்டும் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும், திட்டுக்குப் பதில் சொல்லலாம்.

"நான் அடிச்சேனேக்கா" என்றாள். "மகி மகின்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். ஒரு அடிக்கு ஒரு தடவ."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "ஆன்சிக்கு எது வரைக்கும் வருது?" என்றேன்.

"அரையும் காலும் கூட்டிருவா. மூணுல ஒண்ணு வந்தாத்தான் முழிப்பா."

"அது போதும் பியூலா. அஞ்சு வாரத்துக்கு அது நல்லாவே போதும். மகிக்கு அதுகூடத் தெரியாது, இப்பத்தான் கேட்டுட்டு வந்தேன்."

"இருங்க" என்றாள், குரல் வேறாகியிருந்தது. "ஏங்க, இங்க வாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். அக்கா, எங்கிட்ட சொன்னத அப்படியே இவங்ககிட்டச் சொல்லுங்க."

முகம் தெரியாத ஒரு மனிதரிடம், என் வாயால், இரண்டாம் முறை. முதல் முறை வேகத்தில் வந்துவிட்டது, இப்போது ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. என் மகள் அதைப் படிக்கவில்லை. உங்கள் மகளிடம் குறை ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையது. முடித்ததும், "நீங்க டீச்சராம்மா?" என்றார். இல்லீங்க என்றேன். "இத்தன புள்ளைகளுக்கு நீங்கதான் திட்டம் போட்டுத் தர்றதா இவ சொன்னா." ஆமாங்க என்றேன். "வைங்க" என்றார், நான் வைப்பதற்குள் அங்கே வைத்தாயிற்று. போனாரா இருந்தாரா, எனக்குத் தெரியவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன. மகியின் பக்கத்தைத் திறந்து, அன்றைக்குப் போலவே கட்டங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, இந்தத் தடவை பச்சையை எடுத்தேன். எடுத்ததும் முடிக்காத பாடமெல்லாம், நான் எழுதிய புரோகிராம் தன் வேலையைச் சரியாகவே செய்தது, ஒன்றன்மேல் ஒன்றாக இன்றைய தேதியில் வந்து விழுந்தன. எழுநூற்றுப் பதினான்கு. நாட்களைக் காட்டும் வரியை எல்லாப் பக்கத்திலிருந்தும் நீக்கினேன். குழுவில் எழுதினேன், சுற்றி வளைக்காமல் ஆறு வரி. பூபதிக்குத் தனியாக, 'மகி பக்கத்தைப் பாருங்க, அதுதான் நிஜம். சாயங்காலம் வந்து என்ன வேணும்னாலும் கேளுங்க' என்று அனுப்பினேன், பார்த்துவிட்டதற்கு இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. குழுவில் ஒன்று, இரண்டு, ஒன்பது பதில்கள் வந்து இறங்கின, நான் திறக்கவில்லை. நாலு மணி ஆனது. நாலு ஏழு ஆனது. நாலு பன்னிரண்டுக்குப் பியூலாவிடமிருந்து, 'போகல. பையப் பிரிச்சிட்டோம்.' அடுத்த நொடியே இன்னொன்று, 'கொஞ்ச நாளைக்கு எங்கிட்டப் பேசாதீங்கக்கா.' நியாயம். அந்தக் கடைசி வார்த்தையில் இன்னும் அக்கா இருந்ததைப் பார்த்து அழுகை வந்தது, துடைத்துக்கொண்டேன், துடைத்துவிட்டுத் திரும்பினால் மகி கதவுப் பக்கம் நிற்கிறாள். கையில் கிளிப். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அம்மா, போன்ல சொன்னது..." என்றாள். "பின்னம் நீ எனக்குச் சொல்லித் தரவே இல்லையா?"

"இல்ல கண்ணு."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட இல்ல. அம்மா பொய்யாப் பச்சை போட்டுட்டேன்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அவள் வந்து என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, திரையில் குவிந்து கிடந்த பாடங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அப்ப அந்த ஆத்துப் பாடம்? கிரகமெல்லாம்?"

"அதுவும் இல்ல."

"நான் எல்லாத்தையும் படிச்சிட்டு மறந்துட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்ம்மா" என்றாள். "முடிச்சாச்சுன்னு பச்சையா இருக்கும், எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வராது. தலையில ஏதோ ஆயிடுச்சுன்னு பயமா இருந்துச்சு. அப்பா வேற எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. அதான் சொல்லல."

"எப்ப இருந்துடி?"

"தீபாவளிக்கு முன்னாடி இருந்து."

ஏழு மாதம். ஏழு மாதமாக அடுத்த அறையில். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்த்தேன். அவள் கண் திரையில் இருந்தது, உதடு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையாம்மா?"

"ஒண்ணும் இல்லடி" என்றேன். "உனக்கு ஒண்ணுமே இல்ல."